கட்டியும் மிச்ச ஈரலும்: கதிர்வீச்சுச் சிகிச்சை பற்றி வைத்தியரோடு பேசுதல்

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரை வெளியூரார் பெரும்பாலும் அங்குள்ள சர்க்கரை ஆலையைக் கொண்டே அறிவார்கள். அந்த ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்களும், சுற்றுவட்டாரத்து மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போடுகிறவர்களும், வயிறு வலப்பக்கம் கனக்கிறது, சோறு இறங்கவில்லை, கண் மஞ்சளாயிருக்கிறது என்று சொல்லத் தொடங்கினால், முதலில் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பதும், பிறகு பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் எடுப்பதும், அந்தக் காகிதத்தில் ஈரலில் கட்டி என்று எழுதியிருப்பதைக் கேட்டுக் குடும்பமே கலங்கித் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுவதும் வழக்கமான கிரமம். போன இடத்தில், “ஆபரேஷன் செய்ய முடியாது, ரேடியேஷன் கொடுத்துப் பார்க்கலாம்” என்று ஒரு வாக்கியம் சொல்லப்படுகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கைந்து சிகிச்சைகள் அடங்கியிருக்கின்றன என்பதும், அவற்றுள் எது நமக்கு ஆகும், எது ஆகாது என்பதைத் தீர்மானிப்பது கட்டியின் பருமனைக் காட்டிலும் கட்டி இல்லாத மிச்ச ஈரலின் நிலைமையே என்பதும் நோயாளிக்கும் அவர் மக்களுக்கும் தெரிந்திருக்குமானால், வைத்தியர் முன் உட்காரக் கிடைக்கும் அந்தப் பத்து நிமிஷம் எவ்வளவோ பிரயோஜனப்படும். அந்தப் பத்து நிமிஷத்தை மனத்தில் வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

மற்ற உறுப்புகளில் வரும் புற்றுநோய்க்கும் ஈரலில் உண்டாகும் புற்றுநோய்க்கும் ஒரு முக்கியமான பேதம் உண்டு. மார்பிலோ தொண்டையிலோ கட்டி வந்தவருக்கு அந்தக் கட்டி ஒன்றே நோய். அதைச் சுற்றியுள்ள சதை பெரும்பாலும் ஆரோக்கியமானது. ஈரலில் கட்டி வந்தவர்களில் பெரும்பான்மையோருக்கு அந்த ஈரலே பல வருஷங்களாக நொந்து, தழும்பேறி, சுருங்கிப் போயிருக்கிறது. சிரோசிஸ் என்று வைத்தியர்கள் சொல்லும் அந்தச் சுருக்க நோயின் மேல்தான் கட்டி எழுகிறது. ஆகவே ஒரே உறுப்பில், ஒரே காலத்தில், இரண்டு வியாதிகள். கட்டியைக் கொல்லும் ஆயுதம் எதுவானாலும் அது நொந்த ஈரலையும் கொஞ்சம் தாக்காமல் விடாது. ஈரல் முற்றும் ஓய்ந்து போனால் கட்டி கரைந்தும் மனிதன் பிழைக்க மாட்டான். கோரை மண்டிய காட்டில் ஒரு கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்தாலும் அடுத்த மழைக்கு வேறோரிடத்தில் முளைப்பதைப் போல, சுருங்கிய ஈரலில் ஒரு கட்டி அழிந்தாலும் இன்னொரு மூலையில் புதிது தோன்றக் கூடும் என்பதையும் முதலிலேயே அறிந்திருக்க வேண்டும்.

ஈரலை இப்படி நோகச் செய்யும் காரணங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. தாயிடமிருந்து குழந்தைக்குப் பிரசவ காலத்திலும், சுத்தமற்ற ஊசியாலும் இரத்தத்தாலும் பரவும் கல்லீரலழற்சி பி, சி என்னும் இரண்டு வைரஸ்கள் உண்டு. வருஷக்கணக்கில் குடித்த சாராயம் ஒன்று. சர்க்கரை வியாதியும் பருமனும் உள்ளவர்களின் ஈரலில் படியும் கொழுப்பு, முன்பெல்லாம் அசட்டை செய்யப்பட்டது, இப்போது பிரதானமான காரணங்களில் ஒன்றாகிவிட்டது. மக்காச்சோளமும் நிலக்கடலையும் விளையும் பிரதேசத்தார் கவனிக்க வேண்டியது இன்னொன்று: ஈரம் உலராமல் மூட்டை கட்டிய தானியத்தில் பூக்கும் ஒரு வகைப் பூஞ்சை, அஃப்ளடாக்சின் என்னும் விஷத்தைச் சுரக்கிறது, வைரஸும் இந்த விஷமும் ஒரே உடலில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோயின் அபாயம் பன்மடங்கு பெருகுகிறது. குழந்தைகளுக்கான பி வைரஸ் தடுப்பூசி 2011ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இந்த வைரஸ்களுக்குப் பரிசோதனையும் மாத்திரையும் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கீழாநெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. அதை மூட நம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஏனெனில் சென்னைப் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி. தியாகராஜனும், பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும் சேர்ந்து இந்த மூலிகையைப் பரீட்சித்து, 1988இல் ‘லான்செட்’ என்னும் புகழ்பெற்ற வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது; வெறும் மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த பரீட்சைகளில் அதே பலன் திரும்பக் கிட்டவில்லை. அன்றியும் அந்தப் பரீட்சை வைரஸைப் பற்றியது, கட்டியைப் பற்றியது அன்று. கட்டி என்று தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் மூலிகையோடு காத்திருப்பது, கையில் இருந்த நல்ல சந்தர்ப்பத்தைக் கை நழுவ விடுவதாகும். பச்சிலையோ லேகியமோ பஸ்பமோ எதைச் சாப்பிட்டாலும் அதை வைத்தியரிடம் மறைக்கலாகாது. கதிர்வீச்சுக் காலத்தில் ஈரலின் இரத்தப் பரிசோதனை மாறினால், அதற்குக் காரணம் கதிரா மருந்தா என்று பிரித்தறிய அவருக்கு அந்தச் செய்தி அவசியம்.

இனிக் கதிர்வீச்சுக்கு வருவோம். நம் ஜனங்கள் ‘கரண்டு வைப்பது’ என்று சொல்லும் இந்தச் சிகிச்சை தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இலேயே திறக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் அரும்பாட்டால் அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் தொடங்கி, 1957இல் கோபால்ட் இயந்திரத்தை நிறுவிற்று. கர்ப்பப்பை வாய், கன்னம், நாக்கு ஆகிய இடங்களில் வந்த புற்றுநோயால் அவதியுற்ற ஆயிரமாயிரம் ஏழைகள் அத்தகைய இயந்திரங்களால் உயிர் பெற்றார்கள். ஆயினும் அந்தக் காலம் முழுவதும் ஈரல் மட்டும் கதிர்வீச்சுக்கு அப்பாற்பட்ட உறுப்பாகவே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. காரணம் இதுதான்: கதிரின் அளவைக் ‘கிரே’ என்னும் அலகால் அளக்கிறார்கள், கட்டியை அடக்க 50, 60 கிரே வேண்டியிருக்க, முழு ஈரலும் தாங்குவது ஏறக்குறைய 30 கிரேதான். அதற்கு மேல் போனால் சில வாரங்களிலிருந்து நான்கு மாதத்துக்குள் வயிற்றில் நீர் கோத்து, ஈரல் வீங்கி, நோயாளி கதிரினாலேயே மாய்வதுண்டு. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு வைத்தியர்கள் 1965இல் இதை விவரமாக எழுதி வைத்த பிறகு, ஈரலுக்குக் கதிர் ஆகாது என்பது பாடப்புத்தக வாக்கியமாயிற்று.

அந்த வாக்கியத்தை மாற்றியது புதிய கதிர் அன்று, புதிய குறி. முழு ஈரலும் 30 கிரேதான் தாங்கும் என்பது உண்மையானாலும், ஈரலின் ஒரு பகுதிக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கொடுத்தாலும், மற்றப் பகுதி தீண்டப்படாமல் இருக்குமானால், உறுப்பு பிழைத்துக்கொள்ளும் என்பதை 1990களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் சி.டி. ஸ்கேன் படங்களைக் கொண்டு கணக்கிட்டுக் காட்டினார்கள். அதே காலத்தில் ஸ்வீடன் நாட்டு கரோலின்ஸ்கா நிலையத்தில் புளோம்கிரென், லாக்ஸ் என்னும் இருவர், மூளைக் கட்டிக்குச் செய்வது போல ஈரல் கட்டிக்கும் மிகுந்த நுட்பத்தோடு, சில தடவைகளில் பேரளவுக் கதிரைச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று எஸ்.பி.ஆர்.டி. என்று ஆஸ்பத்திரிகளில் சொல்லப்படுவது அதுவே. முன்பு ஐந்தாறு வாரம் தினந்தோறும் போய் வர வேண்டியிருந்த சிகிச்சை, மூன்று முதல் ஐந்து தடவைகளில், ஒன்றிரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. எறையூரிலிருந்து போகிறவருக்கு இது எத்தனை பெரிய சகாயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் நோயாளி அனுபவிப்பது என்ன என்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது பயத்தைத் தெளிவிக்கும். முதல் நாள் சிகிச்சை கிடையாது, அளவெடுப்பு மாத்திரமே. காற்றை உறிஞ்சினால் உடம்பின் வடிவத்துக்கே இறுகிக்கொள்ளும் ஒரு மெத்தையில், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்கிறார்கள். வயிற்றின் மேல் ஒரு சிறு பெட்டியை வைத்து மூச்சின் ஏற்ற இறக்கத்தைப் பதிகிறார்கள். ஏனெனில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஈரல் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் நகர்கிறது, கதிரோ மில்லிமீட்டர்க் கணக்கில் குறி வைக்கப்படுகிறது. சிலரை மூச்சைப் பிடித்து நிறுத்தச் சொல்வார்கள். சிலருக்கு வயிற்றை ஒரு பட்டையால் மெல்ல அமுக்கி அசைவைக் குறைப்பார்கள். சில இடங்களில் கட்டியின் அருகே அரிசி போன்ற உலோகத் துணுக்குகளை ஊசி வழியே முன்கூட்டி வைத்து, அவற்றை அடையாளமாகக் கொள்வார்கள். தோலில் கடுகளவு பச்சைப் புள்ளிகள் இடப்படும். அதன் பிறகு ஒரு வாரம் போலக் கணக்கு நடக்கிறது. சிகிச்சை நாளில் மேஜையில் அரை மணி நேரம் படுத்திருப்பதைத் தவிர வேறு உணர்ச்சி இல்லை: சூடும் இல்லை, வலியும் இல்லை, மயக்க மருந்தும் வேண்டாம்.

அந்தக் கணக்கு நடக்கும் அறையில்தான் நோயாளியின் விதி பெரும்பகுதி நிர்ணயமாகிறது. கட்டி இல்லாத ஈரலில் குறைந்தது 700 மில்லிலிட்டர் அளவாவது ஆபத்தான கதிரிலிருந்து தப்ப வேண்டும் என்பது பலரும் கைக்கொள்ளும் நியதி. பெரியவர் ஒருவரின் ஆரோக்கியமான ஈரல் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ இருக்கும். சுருங்கியதோ அதிலும் குறைவு. அதில் 700 மில்லிலிட்டரை மிச்சம் பிடிப்பது எல்லோருக்கும் சாத்தியமாவதில்லை. இரைப்பையும் முன்சிறுகுடலும் கட்டியை ஒட்டிக் கிடந்தால் கதிரின் அளவைக் குறைக்க வேண்டி வரும். இல்லாவிட்டால் குடல் புண்ணாகி இரத்தம் கசியும். இவை யாவும் பொருந்தி, கட்டி சிறியதாகவும் ஒன்றிரண்டாகவும் இருந்தால், சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் சென்ற பின்னும் பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு அந்த இடத்துக் கட்டி அடங்கியே இருக்கிறது. ‘அந்த இடத்து’ என்பதை அழுத்திச் சொல்லுகிறேன். இதைக் கேட்டு நோய் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் பிறகு ஏமாறுகிறார்கள்.

இரண்டாவது வகை, வெளியிலிருந்து பாய்ச்சாமல் இரத்தக் குழாய் வழியே உள்ளே கொண்டுபோய் வைக்கும் கதிர். இதன் வேர் ஒரு பழைய உடற்கூற்றுச் செய்தி. ஈரலுக்கு இரண்டு வாசலில் இரத்தம் வருகிறது: முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியே, கால் பங்கு தமனி வழியே. ஆனால் ஈரலில் உள்ள கட்டி தன் ஆகாரத்தைப் பெரும்பாலும் தமனியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்பதை 1954இல் பிரீடிஸ், யங் என்ற இருவர் நிரூபித்தார்கள். அப்படியானால் தமனிக்குள் எதை அனுப்பினாலும் அது கட்டியையே மிகுதியாகச் சென்றடையும். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழலைச் செலுத்தி, இட்ரியம்-90 என்னும் கதிர்ப்பொருள் ஏற்றிய, மயிரிழையினும் நுண்ணிய கண்ணாடி அல்லது பிசின் மணிகளை லட்சக்கணக்கில் கட்டிக்குள் விடுகிறார்கள். அதன் கதிர் சதையில் சராசரி இரண்டரை மில்லிமீட்டர்தான் ஊடுருவும். அரை ஆயுள் 64 மணி நேரம். பதினொரு நாளில் ஏறக்குறைய முழுச் சக்தியும் செலவாகிவிடும். வீடு திரும்பியவர் சில நாள் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கி இராமல் இருந்தால் போதும்.

இந்த முறைக்கு முன்னோட்டமாக ஒரு தனிப் பரீட்சை உண்டு. அதைத் தவிர்க்கவே கூடாது. சில கட்டிகளில் தமனிக்கும் சிரைக்கும் குறுக்கு வழி ஏற்பட்டிருக்கும். மணிகள் அதன் வழியே நுரையீரலுக்குப் போய்விட்டால் பெரும் ஆபத்து. ஆகையால் முதலில் டெக்னீஷியம் கலந்த துகள்களை விட்டு, எவ்வளவு நுரையீரலுக்குக் கசிகிறது என்று ஸ்கேனில் அளந்த பிறகே முடிவு செய்கிறார்கள். மணிகள் வெகு காலம் வெளிநாட்டிலிருந்தே வந்தன, விலையும் பல லட்சம். மும்பைப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் உள்நாட்டிலேயே இட்ரியம் கண்ணாடி மணிகளை உருவாக்கி, ‘பாபாஸ்பியர்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அது தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் பரவலாக வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் பலனைப் பற்றி மிகைபடச் சொல்லலாகாது. முற்றிய நோயில், பிரான்சிலும் ஆசிய நாடுகளிலும் நடந்த இரண்டு பெரிய பரீட்சைகளில், இந்த மணிகளைப் பெற்றவர்கள் சோரபெனிப் என்னும் புற்றுநோய் மாத்திரை உண்டவர்களைவிட அதிக காலம் வாழவில்லை; உபத்திரவங்கள் மட்டும் குறைவாயிருந்தன. அறுக்க முடியாத இடத்தில் ஒரே கட்டியாக இருந்து, அந்தப் பகுதியை மட்டும் குறி வைத்துப் பேரளவில் கொடுக்க முடிகிற நோயாளிக்கே இதன் நற்பலன் தெளிவாகத் தெரிகிறது.

மூன்றாவது புரோட்டான். சாதாரணக் கதிர் உடம்பின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. புரோட்டானோ குறித்த ஆழத்தில் தன் சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடுகிறது, அதற்கப்பால் உள்ள ஈரல் தப்புகிறது. சென்னையில் அப்பல்லோ நிறுவனத்தார் 2019இல் இதற்கான மையத்தைத் திறந்தார்கள். மும்பை டாடா நினைவு மையத்தின் கிளையும் பின்னர் தொடங்கியது. சிறிய கட்டிகளில் இது கட்டிக்குள் ஊசி வைத்துச் சுடும் முறைக்குக் குறைந்ததன்று என்று கொரியாவில் நடந்த ஒரு பரீட்சை காட்டிற்று. ஆனால் நல்ல எஸ்.பி.ஆர்.டி.யைவிட இது ஆயுளை நீட்டுகிறது என்பதற்கு இன்னும் உறுதியான சான்று இல்லை. ஆகவே இதற்காக நிலத்தை விற்கத் துணிகிறவர், “எனக்கு இதனால் மிஞ்சக்கூடிய ஈரல் எவ்வளவு அதிகம் என்று இரண்டு கணக்கையும் போட்டுக் காட்ட முடியுமா?” என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே துணிய வேண்டும்.

கதிர்வீச்சு இந்த நோய்க்கு முதல் சிகிச்சை அன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கட்டி சிறியதாயும் ஈரல் பலமாயும் இருந்தால் அறுவைச் சிகிச்சை; ஈரல் பலமிழந்து, ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்படாத ஒரு கட்டியோ, மூன்று சென்டிமீட்டருக்கு மேற்படாத மூன்று கட்டிகள் வரையோ இருந்தால் மாற்று ஈரல். 1996இல் மிலான் நகரத்தார் வகுத்த இந்த அளவுகளே பெரும்பாலும் அளவுகோலாய் நிற்கின்றன. மாற்று ஈரலுக்குக் காத்திருக்கும் காலத்தில் கட்டி வளராமல் பிடித்து வைக்கவும் கதிர் பயன்படுகிறது. ஊசி வைத்துச் சுடுதல், தமனி வழியே மருந்து விட்டு அடைத்தல் ஆகியவை அடுத்தவை. இவற்றுக்கு இடம் கொடாத கட்டிகளிலும், போர்ட்டல் சிரைக்குள் கட்டி புகுந்துவிட்டபோதும் கதிரின் உதவி நாடப்படுகிறது. அமெரிக்கா, கனடா முதலிய இடங்களில் நடந்த ஒரு பரீட்சையில், சோரபெனிப் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.3 மாதம், எஸ்.பி.ஆர்.டி.யும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 15.8 மாதம். மூன்றரை மாதம் அற்பமென்று தோன்றலாம்; மகளின் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்றிருப்பவருக்கு அது அற்பமன்று.

அந்தச் சோரபெனிப் மாத்திரைக்கும் சென்னைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ஜெர்மன் நாட்டு பேயர் கம்பெனி மாதத்துக்கு 2,80,428 ரூபாய் விலை வைத்திருந்த அம்மருந்தை, ஹைதராபாத் நாட்கோ கம்பெனி 8,880 ரூபாய்க்கு மேற்படாமல் தயாரித்து விற்க 2012 மார்ச்சில் அரசின் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் கட்டாய உரிமம் வழங்கினார். இந்தியாவில் அவ்வாறு வழங்கப்பட்ட முதல் உரிமம் அதுவே. பேயர் செய்த மேல்முறையீட்டைச் சென்னையில் அமர்ந்திருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையில் 2013 மார்ச்சில் தள்ளிற்று. மருந்தின் விலை வைத்தியரின் மேஜைக்கு வெகு தூரத்தில் தீர்மானிக்கப்படுகிறது, ஆயினும் நோயாளி அந்த மேஜையில், “இதே மருந்து குறைந்த விலையில் கிடைக்குமா?” என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனி அந்தப் பேச்சு எப்படி நடக்க வேண்டும் என்பது. நம் பக்கத்தில் நடப்பதென்னவென்றால், நோயாளியை வெளியே பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டு, மகனோ மருமகனோ ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய், “சார், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்” என்பதையே முதல் வார்த்தையாகச் சொல்கிறான். அன்பினால் சொல்கிறான், அதில் ஐயமில்லை. ஆனால் மூச்சைப் பிடிக்கப் போகிறவரும், கைகளைத் தூக்கிப் படுக்கப் போகிறவரும், வாந்தியும் அசதியும் படப் போகிறவரும் அப்பாதான். வெளியே பெஞ்சியில் இருக்கும் அவர், கதவு திறக்கும்போதெல்லாம் மகன் முகத்தைப் பார்த்துத் தானாகவே முக்கால் பங்கை ஊகித்துக்கொள்கிறார். மிச்சக் கால் பங்கைக் கேட்க அவருக்கு ஆள் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவரே சொன்னால் அது அவர் சுதந்திரம். அவரைக் கேட்காமலே அந்தத் தீர்மானத்தை மற்றவர் எடுப்பது நியாயமன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

உள்ளே போனதும் முதலில் கேட்க வேண்டியது, “ஐயா, கட்டி எவ்வளவு?” என்பதன்று, “ஈரல் எந்த நிலையில் இருக்கிறது, ஏயா, பியா, சியா?” என்பதே. பித்த அளவு, அல்புமின், இரத்தம் உறையும் நேரம், வயிற்று நீராகிய மகோதரம், புத்தித் தடுமாற்றம் ஆகிய ஐந்தையும் கொண்டு சைல்டு, பியூ என்னும் இரு வைத்தியர்களின் பெயரால் வழங்கும் கணக்கு ஒன்று உண்டு. ஐந்து ஆறு மதிப்பெண் ஏ வகுப்பு. ஏழு முதல் ஒன்பது பி. பத்தும் அதற்கு மேலும் சி. ஏ வகுப்பினருக்குக் கதிர்வீச்சு பெரும்பாலும் பத்திரமானது. பி வகுப்பில் ஏழைத் தாண்டியவர்களுக்கு மிகுந்த எச்சரிக்கையோடு அளவைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். சி வகுப்பினருக்கு, மாற்று ஈரல் கிடைக்கும் வழி இருந்தாலன்றி, அது உபகாரத்தைவிட அபகாரமே செய்யும். இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலிருந்து மற்றக் கேள்விகள் தாமாகவே பிறக்கும்: எனக்குக் கொடுக்கப் போவது குணப்படுத்தவா, வளர்ச்சியை நிறுத்தவா, வலியைக் குறைக்கவா? எத்தனை கிரே, எத்தனை தடவை? எவ்வளவு நல்ல ஈரல் தப்பும்? அறுவை வைத்தியர், ஈரல் வைத்தியர், கதிர் வைத்தியர் மூவரும் சேர்ந்து என் படங்களைப் பார்த்தார்களா? பி வைரஸ் இருக்கிறதா என்று சோதித்தீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றும். ஆனால் வைரஸ் உள்ளவருக்கு அதை அடக்கும் மாத்திரையைத் தொடங்காமல் கதிர் கொடுத்தால், உறங்கிக் கிடந்த வைரஸ் கிளர்ந்து ஈரலைக் கெடுத்துவிடலாம்.

எறையூரிலிருந்து போகிறவர் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும். எல்லாக் கதிர் இயந்திரமும் ஒன்றல்ல. கோபால்ட் இயந்திரம் பல நோய்களுக்கு இன்றும் நன்றாகப் பயன்படுவதே ஆயினும், மூச்சோடு அசையும் ஈரல் கட்டியைச் சில தடவைகளில் பேரளவால் தாக்கும் வேலை அதனுடையதன்று. அதற்கு லினாக் என்னும் இயந்திரமும், ஒவ்வொரு முறையும் படம் பிடித்துக் குறியைச் சரிபார்க்கும் வசதியும், மூச்சைக் கண்காணிக்கும் ஏற்பாடும், பௌதிக நிபுணரும் வேண்டும். “இந்த வசதி இங்கே இருக்கிறதா, இல்லாவிட்டால் எங்கே அனுப்புவீர்கள்?” என்று பணிவாகக் கேட்டால் நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குட்பட்ட குடும்பங்களுக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை இடமுண்டு, புற்றுநோய்க் கதிர்வீச்சும் அதில் அடங்கும். ஆனால் எந்த முறைக்கு, எந்த ஆஸ்பத்திரியில், எவ்வளவு என்பதை அங்குள்ள காப்பீட்டு மேஜையில் முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும். அட்டை கையில் இல்லாமல் சென்னை போய்ச் சேர்ந்து, அதற்காகத் திரும்ப பஸ் ஏறி வரும் குடும்பங்கள் இழப்பது பணத்தை மாத்திரமல்ல.

சிகிச்சைக்குப் பின் அசதி, குமட்டல், பசியின்மை சில வாரம் இருக்கும். முதல் நான்கு மாதம் ஈரலின் இரத்தப் பரிசோதனையைத் தவற விடக்கூடாது. வயிறு திடீரென்று உப்பினாலோ, கண் மஞ்சளித்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ உடனே போக வேண்டும். முதல் ஸ்கேனில் கட்டி முன்போலவே பருத்திருப்பதைப் பார்த்து மனம் உடைந்து போகிறவர்கள் பலர். கதிர்பட்ட கட்டி சட்டென்று சுருங்குவதில்லை. அதற்குள் இரத்த ஓட்டம் அடங்கியிருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும், அதற்கும் மாதங்கள் பிடிக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது வைத்தியரின் கடமை. அவர் மறந்தால் கேட்டுவைக்க வேண்டியது நம் கடமை.

கடைசியாக, ஈரல் ஓய்ந்து, கட்டி பெருத்து, மேலே சொன்ன எதற்கும் இடமில்லை என்றாகிவிட்டவரின் நிலை. விலாவின் கீழ் இரவெல்லாம் குடையும் வலிதான் அவருக்குப் பெரும் பகை. “இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்” என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பும் குடும்பங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. கனடா நாட்டில் இத்தகைய நோயாளிகளிடம் நடந்து 2024இல் வெளியான பரீட்சையொன்றில், ஈரலுக்கு ஒரே ஒரு தடவை, 8 கிரே மட்டும் கொடுத்தபோது, ஒரு மாதம் சென்ற பின் 67 சதவீதம் பேருக்கு வலி தணிந்தது. கதிரின்றி மற்றப் பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் 22 சதவீதம் பேருக்கே தணிந்தது. இதற்கு நுட்பமான இயந்திரமோ வாரக்கணக்கான தங்கலோ வேண்டியதில்லை. சாதாரணக் கதிர் இயந்திரம் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை போய் வந்தால் போதும். அதன் பிறகு வலிக்கு மார்பின் மாத்திரையும், 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் நோய்த்தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வந்து பார்ப்பதும் நம் மாவட்டத்தாருக்கும் உரியவை. வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துவிட்டு, திருச்சிக்குக் கொண்டுபோகும் அன்றே, “ஒரு தடவை மட்டும் வலிக்காகக் கதிர் வைக்க முடியுமா?” என்று அங்குள்ள கதிர் வைத்தியரிடம் கேட்கலாம்.